உப்புத் திருடன்

"நூற்றெழுபது. இந்தப் பிரஷரை வச்சிக்கிட்டு ஹஜ்ஜுக்குப் போக உடம்பு சரின்னு லெட்டர் கேக்காத, ஒலி" என்றார் டாக்டர் பெர்னார்ட்.

சிங்கப்பூர் தேக்காவில் முப்பது வருடம் துணி விற்ற ஒலி முகம்மதுவின் ஒரே ஆசை ஹஜ். எழுபத்தொன்பதாம் வருட ஹஜ்ஜுக்கு அவருக்கும் மனைவி ருக்கையாவுக்கும் டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

"என்ன செய்யணும்?"

"உப்பை நிறுத்து. உப்புதான் பிரஷரை ஏத்தும். தியரி அதுதான்."

அன்று முதல் வீட்டுக் குழம்பான மீன் ஆணத்திலும் உப்பில்லை. ருக்கையாவும் அதையேதான் சாப்பிட்டாள். 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்று ஒலி முகம்மது சொல்லிப் பார்த்தார், பலிக்கவில்லை.

மறுமாதம், உப்பைத் துறந்த பெருமையில் கிளினிக்கின் மூன்று மாடியையும் இரண்டிரண்டு படியாக ஏறினார். அங்கே நம்பர் அட்டையோடு ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது. பெர்னார்ட் பள்ளித் தோழர் அல்லவா?

"ஒலிக்கு எதுக்கு நம்பர், அன்னம்மா? உடனே உள்ள அனுப்பு" என்று நர்ஸுக்குக் குரல் கொடுத்தார் டாக்டர்.

நூற்றெண்பது.

"வெளிய திருட்டுத்தனமா சாப்பிடுற."

"சத்தியமா இல்ல லா."

"தியரி பொய் சொல்லாது, ஒலி. மனுஷன்தான் சொல்லுவான்."

செய்யாத திருட்டுக்குக் கெட்ட பெயர். அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த முறை ருக்கையாவைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு, தூக்குச்சட்டியில் ஆணத்தையும் சுமந்து ஏறினார். வழக்கம்போலக் கதவு உடனே திறந்தது.

டாக்டர் ஒரு சொட்டு நக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "உப்பே இல்ல." பிறகு அளந்தார். நூற்றுத் தொண்ணூறு. "அப்ப இது எனக்குக் காட்டுறதுக்குன்னு ஆக்குன ஆணம்."

"அல்லாவுக்குப் பொதுவா சொல்றேன் டாக்டர், நானும் இதைத்தான் சாப்பிடுறேன்" என்றாள் ருக்கையா.

"கையை நீட்டுங்க."

அவளுக்கும் நூற்றெழுபது.

"புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் கூட்டா? ரெண்டு பேருக்குமே லெட்டர் கிடையாது."

டிக்கெட் இரண்டும் வீணாகப் போகிறதே என்று ஒலி முகம்மது இடிந்துபோய் உட்கார்ந்தார். அடுத்த நோயாளியின் அட்டையை மேசையில் வைக்க வந்த அன்னம்மா, டாக்டரின் முகத்தைப் பார்த்தாள்.

"டாக்டர், மத்தவங்க எல்லாம் வெளிய ஒரு மணி நேரம் உக்காந்துட்டுத்தான் உள்ள வர்றாங்க. நீங்க இவங்களை மட்டும்தான், மாடி ஏறுன மூச்சு அடங்குறதுக்குள்ள கூப்பிட்டு அளக்குறீங்க."