ஐந்தாம் மாடிச் சல்லடைப் போர்

காவியம் பாடத் தகுந்த வீரர்கள் இக்காலத்தில் எங்கே என்று கேட்போரே, வாரீர்! தண்ணீர் மோட்டார் செய்யும் ஆலையின் அலுவலகத்தில், ஐந்தாம் மாடியில், ஏ.சி. ஒழுகும் மூலையில் ஆளெடுக்கும் அதிகாரியாய் வீற்றிருந்த நம் நாயகியைக் கண்டு கைகூப்புவீர்! சுழல்நாற்காலித் தேரினள், மவுஸ் என்னும் வாளினள், ஆறிப்போன காப்பியையும் அஞ்சாது அருந்தும் நெஞ்சினள். அவளை எல்லாரும் மேடம் என்றே அழைத்தனர்.

ஆலைக்கு வேண்டியது ஒரே ஒரு இன்ஜினியர். வந்து குவிந்த விண்ணப்பங்களோ கரையுடைத்த வெள்ளமாய்த் திரையை நிறைத்தன. அந்தப் பெருஞ்சேனையின் நடுவே, படிப்பு முடிந்த நாள்முதல் வீட்டுச் சோபாவுக்குக் காவல் இருந்துவரும் அவள் உடன்பிறந்த தம்பியும் பட்டமென்னும் கேடயம் தாங்கி நின்றான். இந்த வேலை அவனுக்குக் கிடைத்துவிடாதா என்று அவள் மனம் அடித்துக்கொண்டது. வெளியே சொன்னால் தன் வேலைக்கே வேட்டு என்பதால் வாயைத் திறக்கவில்லை.

மூண்டது போர்! ஐந்தாண்டு அனுபவம் வேண்டுமென்று உற்பத்திப் பிரிவு முரசறைய, அவள் தன் விரலாலேயே பொத்தானை அழுத்த, புதுப் பட்டதாரிகள் கொத்துக்கொத்தாய்ச் சாய்ந்தனர், தம்பியும் சாய்ந்தான். சம்பளம் புதியவருக்குரியதுதான் என்று கணக்குப் பிரிவு சங்கூத, அனுபவசாலிகள் புறமுதுகிட்டனர். வயது இருபத்துநான்கைத் தாண்டலாகாது என்று முதலாளி ஆணையிட, எஞ்சியோரும் மடிந்தனர். புழுதி அடங்கியபோது ஒற்றை வீரர் நிமிர்ந்து நின்றார். பத்தொன்பது வயதில் கரண்டி பிடித்து ஐந்தாண்டு அனுபவம் கண்ட அவர் கேன்டீன் சமையல் வேலைக்கு மனுப் போட்டவர். பொத்தானை மாற்றி அழுத்தி இந்தக் குவியலில் விழுந்திருந்தார்.

சினந்தெழுந்தாள் நாயகி. முதலாளியின் கண்ணாடிக் கோட்டைக்குள் புகுந்து, அனுபவம் என்ற ஒன்றை மட்டும் தளர்த்தினால் நல்ல பிள்ளைகள் நிறையத் தேறுவார்கள் என்று எடுத்துரைத்தாள்.

"நாம என்ன பள்ளிக்கூடமா நடத்துறோம்? வேற எங்கயாவது வேலை கத்துக்கிட்டு வரட்டும்மா."

அந்த வேறெங்கோ எங்கே இருக்கிறது என்று கேட்க அவள் நா எழுந்தது. மாதக் கடைசியை நினைத்து மறுபடி படுத்துக்கொண்டது. முதலாளியோ தொலைபேசியை எடுத்து, எதிர்முனையில் காத்திருந்த நிருபரிடம், இன்ஜினியர் பஞ்சம் தலைவிரித்தாடுகிறது என்று எண்திசையும் அதிரப் பிரகடனம் செய்தார். அதைக் கேட்டுக்கொண்டு நின்றதுதான் அவளுக்கு அன்றைய நாளின் மிகப் பெரிய காயம்.

அந்தி சாய, வாளிழந்து தேரிழந்து, பேருந்தில் நசுங்கி, வாகை சூடா வீராங்கனை வீடு சேர்ந்தாள். இன்டர்வியூவுக்கு அழைப்பு வருமென்று சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்த தம்பி நிமிர்ந்து பார்த்தான்.

"அக்கா, அந்த வேலைக்கு ஆள் எடுத்துட்டாங்களா?"

"இல்லடா, ஆளே கிடைக்கலையாம்."