லைல் பிரிங்க்மன் கொடுத்த செயின்

"உங்ககிட்ட ஸ்பேர் செயின் இருக்கா சார்?"

கேட்டவள் கோரா, ஆல்டர் ரிட்ஜ் பள்ளி ரோபோ அணியின் தலைவி. கேட்கப்பட்டவர் லைல் பிரிங்க்மன். மிச்சிகன் குளிரில் பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் இடுப்பளவு பனி கிடந்தபோதும், "கைப்பிடி ஆடுது" என்று சொல்லி மண்வெட்டியை இரவல் தராத மகராசன். அப்பேர்ப்பட்டவரை மகள் மேரனின் ரோபோ அணியில் உதிரிபாகப் பெட்டிக்குப் பொறுப்பாகப் போட்டது யார் என்று எங்கள் தெரு இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறது.

பெட்டிக்குள் ரோபோவின் சக்கரத்தை ஓட்டும் செயின் இருந்தது. ஒன்றே ஒன்று, புத்தம் புதிது. 'லைலுடையது, தொடாதே' என்று அதில் டேப் வேறு ஒட்டியிருந்தது.

"இல்லையேம்மா" என்றார் லைல், பெட்டியின் மேல் நன்றாக உட்கார்ந்துகொண்டு.

"ஒண்ணுகூடவா?"

"ஒரு கண்ணிகூட இல்ல."

கோரா அவரையும் அவர் பின்னால் நின்ற ரோபோவையும் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

லைலுக்கு உள்ளூர மத்தாப்பு. மூன்று மணிக்குக் கடைசி ஆட்டம். ஆல்டர் ரிட்ஜ் எதிர்ப்பக்கம். ஜெயித்தால் மாநிலப் போட்டி. தோற்றால், பள்ளியின் கடைசி வருடத்தில் இருக்கும் மேரனுக்கு இதோடு சரி. அவர்கள் வண்டி நொண்டினால் நல்லதுதானே?

ஐந்து நிமிடத்தில் ஒலிபெருக்கி கூவியது. "ஒரு அணிக்கு அவசரமா ஒரு செயின் வேணும். வச்சிருக்கறவங்க முன் மேசைக்கு வாங்க!"

இந்தப் போட்டிகளில் அது வழக்கம். களத்தில் முட்டி மோதுவார்கள். வெளியே வந்தால் எதிரியின் ரோபோவுக்குப் படுத்துப் புரண்டு திருகாணி முடுக்குவார்கள். மூன்று வருடமாகியும் லைலுக்கு மட்டும் அது பிடிபடவில்லை.

மேரன் வந்தாள். "அப்பா, நம்மகிட்ட ஒண்ணு இருக்கே! குடுத்துடுங்க."

"அதுவா... அதைக் குடுத்துட்டேனேம்மா."

"யாருக்கு?"

எதிரே வேறொரு அணியின் ஆரஞ்சுச் சட்டைகள் நாலைந்து போய்க்கொண்டிருந்தன. "அதோ, அவங்களுக்குத்தான்."

பாதுகாப்புக் கண்ணாடிக்குள் மேரனின் கண்கள் விரிந்தன. "நீங்க? குடுத்தீங்களா? கேட்டவுடனேயா?" அவரைக் கட்டிக்கொண்டாள். அவள் அப்படிக் கட்டிக்கொண்டு வருடக்கணக்காகிறது.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவள் நேராகப் போய் ஒரு நடுவரிடம் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

"எதிரணிக்கு உதவி பண்றவங்களுக்குன்னு ஒரு விருது இருக்குப்பா! ஆரஞ்சு அணியைப் பாத்துப் பேசப் போறாங்களாம்."

அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் லைல் செயினை எடுத்துக் கோட்டுக்குள் திணித்துக்கொண்டு பாய்ந்தார்.

"ஓடக் கூடாது சார், நடங்க!" என்று தடுத்தார் ஒரு தொண்டர். அங்கே அது சட்டம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிப்பறை தேடுகிறவரைப் போல விறுவிறுவென்று நடந்தார். வழியில் டேப்பையும் பிய்த்தார்.

ஆரஞ்சு அணியின் தலைவன் தாட், சோளச் சிப்ஸ் பொட்டலத்தில் கொட்டிய கறியை முள்கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தான்.

"இந்தாப்பா, வச்சுக்க."

"நாங்க கேக்கலையே சார்?"

"கேக்காம குடுக்கறதுதான்பா குடுக்கறது."

"எங்க ரோபோல செயினே கிடையாது சார். எல்லாம் பெல்ட்டு."

"அழகுக்கு மாட்டிக்க! யாராவது கேட்டா, காலைலயே குடுத்தார்னு சொல்லு."

அவன் வாயைத் திறப்பதற்குள் நடுவர் வந்துவிட்டார். தாட் கையில் செயின். பக்கத்தில் வேர்த்து நின்ற லைல். பார்த்தார், குறித்துக்கொண்டார். லைலுக்கு மூச்சு வந்தது.

அப்போதுதான் தாட் நெற்றியில் தட்டிக்கொண்டான். "அட, மைக்ல செயின் கேட்டாங்களே! எங்களுக்கு எதுக்கு சார் இது? முன் மேசைல குடுத்துட்டு வந்துடறேன்."

நடுவர் பக்கத்திலேயே நிற்கும்போது 'குடுக்காதே' என்று எப்படிக் கத்துவது?

"நல்ல மனசு எப்படித் தொத்திக்குது பாத்தீங்களா?" என்று நடுவர் அவர் முதுகில் தட்டினார்.

லைல் பார்த்துக்கொண்டே நின்றார். செயின் தாட் கையிலிருந்து மேசைக்குப் போனது. மேசையிலிருந்து கோரா கைக்குப் போனது. எதிரிக்குத் தன் கையாலேயே கால் செய்து கொடுத்தாகிவிட்டது. மணி இரண்டு நாற்பது.

திரும்பி வந்து காலிப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். மேரன் பேட்டரி மாட்டிக்கொண்டே அவரைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கோரா வந்தாள். நன்றி சொல்லி நோகடிக்கப் போகிறாள் என்று லைல் தலையைக் குனிந்துகொண்டார்.

செயினை அவர் மடியில் வைத்தாள்.

"அப்பாடா, கிடைச்சிருச்சு சார்! போன ஆட்டத்துலயே பாத்தேன், உங்க ரோபோவோட இடது பக்கச் செயின் இப்பவோ அப்பவோன்னு தொங்குது. நீங்க வேற ஒரு கண்ணிகூட இல்லேன்னுட்டீங்களா, அதான் உங்களுக்காக மைக்ல கேக்கச் சொன்னேன்."