மாமனாரை கிரே லிஸ்ட்டில் போட்ட சனிக்கிழமை

காத்திருக்கத் தெரியாதவனிடம் மெயில் சர்வரின் பாஸ்வேர்டைக் கொடுப்பதும் குரங்கு கையில் பூமாலையைக் கொடுப்பதும் ஒன்றுதான். குரங்காவது பூமாலையோடு நிறுத்திக்கொள்ளும். நான் என் கல்யாணத்தையே பிய்த்துப் போடப் பார்த்தேன்.

அப்போது புதுச்சேரியில் ஒரு ஏற்றுமதி கம்பெனியின் மெயில் சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் எனக்கு செலினைப் பெண் பார்த்திருந்தார்கள். எனக்கு அவளை ரொம்பவே பிடித்துவிட்டது. (அவளுக்கும்தான். சத்தியம்.) பாக்கி இருந்தது அவள் அப்பாவின் சம்மதம். அவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சிப்பாய், புதுச்சேரிப் பேச்சில் சொல்தா. தலைக்கும் மீசைக்கும் வாரம் தவறாமல் சாயம் பூசுபவர். எதையும் எழுத்தில்தான் தருவார்.

"ஓசி மெயிலு எவன் வேணா வச்சிக்கலாம். உன் ஆபீஸ் மெயிலக் குடு. சனிக்கிழம காலைல என் முடிவு வரும். சரின்னா மறுநாளே மாதா கோயில் பூசையில கல்யாண ஓல வாசிச்சி ஊருக்குச் சொல்லிடலாம்" என்றார்.

சனிக்கிழமை ஆபீஸ் கதவைத் திறந்ததே நான்தான். மெயில் இல்லை. பெட்டியைத் திறந்தேன், மூடினேன், டீ குடித்தேன், மறுபடி திறந்தேன். கடிக்க நகம் தீர்ந்ததும் சர்வரில் கை வைத்தேன். கிரே லிஸ்ட்டைச் சுத்தம் செய்யச் சொல்லி மேனேஜர் வெகுநாளாக நச்சரித்துக்கொண்டிருந்தார்.

கிரே லிஸ்ட் என்பது வேறொன்றுமில்லை. முன்பின் தெரியாத இடத்திலிருந்து மெயில் வந்தால் எங்கள் சர்வர் உடனே உள்ளே விடாது. "கொஞ்சம் கழித்து வா" என்று திருப்பி அனுப்பும். யோக்கியமான சர்வர் மறுபடி வரும். அதைக் குறித்துக்கொண்டு, அடுத்த தடவையிலிருந்து நேரே உள்ளே விடும். குப்பை மெயில் அனுப்புகிறவனுக்குத் திரும்பி வரப் பொறுமை கிடையாது. அப்படி வராமல் போனவர்களின் பழைய பதிவுகள் மலையாகக் குவிந்து கிடந்தன.

அவற்றை அழிக்க ஒரு வரிக் கட்டளை போதும். அடித்தேன். 'பழையது' என்று பொருள்படும் குறியை மட்டும் திருப்பிப் போட்டுவிட்டேன். போகிக்குப் பழைய பாயைக் கொளுத்தப் போனவன் பட்டுப்புடவையைக் கொளுத்தின கதைதான். குப்பையெல்லாம் பத்திரமாக இருந்தது. அண்மையில் வந்த நல்லவர்கள் அத்தனை பேரும் காலி. முகவரி நிஜம்தானா என்று பார்க்கப் போன வாரம் மெயில் அனுப்பியிருந்த செலினின் அப்பா உட்பட.

போன் அடித்தது. அவர்தான்.

"என்னா தம்பி, என் மெயிலு உள்ள போவலயாம். 'லிஸ்த் கிரிஸ்'னு பிரெஞ்சுல பதில் வருது, சாம்பக் கலரு லிஸ்ட்டாம். என்னா அது, நரைச்சவங்க லிஸ்ட்டா?"

"ஐயோ, இல்ல மாமா!" (அவசரக் குடுக்கை, அதற்குள் மாமா!) "பழைய ஆளுங்கள எல்லாம் அழிச்சிட்டு இருந்தேன், அதுல நீங்களும்..."

"பழைய ஆளா? மொன் தியே! அழிச்சிட்டியா என்னை?"

போன் கட்டானது. கருவடிக்குப்பத்து வீட்டிலிருந்து அவர் ஸ்கூட்டர் எப்படிப் பறந்து வந்ததோ தெரியாது. வியர்வையைத் துடைத்து முடிப்பதற்குள் என் மேஜை முன்னால் நின்றார்.

"யூனிஃபார்ம் போட்டவன்டா நானு. என்னை வாசல்லயே நிக்க வச்சி 'அப்பறம் வா'ங்கிறியா? பொண்ணும் கெடையாது, ஒண்ணும் கெடையாது, போ!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. செலின் இனி இல்லை என்றே நினைத்தேன். அந்த நேரம் பார்த்து என் கம்ப்யூட்டர் 'டிங்' என்றது. அவருடைய சர்வர் யோக்கியமானது. கொஞ்சம் கழித்துத் திரும்பி வந்திருந்தது. திரையில் அவர் பெயர், அதன் கீழே ஒரே வரி: 'எங்களுக்குப் பூரண சம்மதம்.'

இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அத அழி" என்றார்.

"முடியாது மாமா. எழுத்துல வந்துடுச்சி."

மீசை துடித்தது. அறையப் போகிறார் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். சிரித்துவிட்டார். "சரி, டீ சொல்லு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மறுநாள் ஓலை வாசித்தார்கள். கல்யாணத்தன்று கோயில் நிறையக் கூட்டம். "இவரைக் கணவராக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா?" என்று பங்குச் சாமியார் கேட்டார். செலின் வாயே திறக்கவில்லை. சாமியார் இருமிவிட்டு மறுபடி கேட்டார்.

"சம்மதம்" என்றாள், கணீரென்று. முன்வரிசையில் மாமனார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"ஏன்டி இப்படி உயிரை வாங்கின?" என்று வெளியே வந்ததும் கேட்டேன்.

"மொத தடவ கேட்டா உடனே உள்ள விடக் கூடாதாமே?"

இன்றுவரை எங்கள் வீட்டில் ஒரு டம்ளர் காபியானாலும் நான் இரண்டு தடவை கேட்க வேண்டும். மாமனாருக்கு மட்டும் கேட்பதற்கு முன்பே வந்துவிடுகிறது.