ஒழுகும் வாஷரும் வழுக்காத ரப்பரும்

மதிப்பிற்குரிய மூத்த மைத்துனர் அவர்களுக்கு,

இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும் என்று முடிவு செய்துவிட்டேன். இங்கே அனைவரும் நலம். அங்கேயும் அனைவரும் நலமாக இருக்க வேண்டும் என்று எழுதச் சொன்னாள் உங்கள் தங்கை, எழுதிவிட்டேன். இதற்கு மேல் வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு. அடுத்த தெருவில் இருக்கிறவருக்குத் தபால்தலை ஒட்டி எழுதுவானேன் என்று கேட்பீர்கள். நேரில் வந்தால் நீங்கள் பேசுவீர்கள், நான் தலையாட்டுவேன், காபி ஆறிப்போகும், எழுந்து வந்துவிடுவேன். காகிதம் என்றால் குறுக்கே பேச முடியாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சிறு உற்பத்தியாளர் சங்கக் கூட்டத்தில், தலைவர் என்ற முறையில் நீங்கள் ஒரு தீர்மானம் கொண்டுவரப் போகிறீர்கள். கடல் கடந்த ஒரு நாட்டோடு நம் அரசாங்கம் பேசிக்கொண்டிருக்கும் தடையில்லா வர்த்தக ஒப்பந்தத்தைச் சங்கம் மூச்சுள்ளவரை எதிர்க்கும் என்று அதில் இருக்கிறதாம். 'நம் வாசலை நாமே காப்போம்' என்ற சுவரொட்டியை என் பட்டறை வாசலிலேயே ஒட்டிவிட்டுப் போயிருக்கிறீர்கள். வாசலைக் காக்கிறவர் கதவு மேலேயே ஒட்டிவிட்டதால், காலையில் கதவைத் திறக்க அதைக் கிழிக்க வேண்டியதாயிற்று, அதற்காக வருத்தப்படவில்லை. விஷயம் இதுதான்: ஒப்பந்தம் வந்தால், பயிருக்கு மருந்தடிக்க நான் செய்யும் முதுகுத் தெளிப்பான்கள் வரியில்லாமல் அந்த நாட்டுக்குள் போகும். வராவிட்டால் வருஷக் கடைசியில் பட்டறையைப் பூட்டிவிட்டு, என்னை நம்பியிருக்கும் ஆட்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். மிரட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். மிரட்டத் தெரிந்திருந்தால் என் பிழைப்பு என்றைக்கோ தேறியிருக்கும்.

நான் பொருளாதாரம் படித்தவன். அதை நீங்கள் மறக்கவில்லை என்பதும் தெரியும். போன சங்கக் கூட்டத்தில் நான் எழுந்தவுடன், "மாப்ளே, நீங்க படிச்சது பரீட்சைக்கு, நான் படிச்சது பிழைப்புக்கு, உக்காருங்க" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். பொருளாளர் மட்டும் அதிகமாகச் சிரித்தார். அவரையும் குறித்து வைத்திருக்கிறேன். ஆனால் நான் பொருளாதாரம் கற்றது கல்லூரியில் இல்லை, உங்கள் வாஷரில். எனக்கும் உங்கள் தங்கைக்கும் கல்யாணம் பேசியபோது உங்கள் அப்பா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "மாப்ளே, நீங்க தெளிப்பான் செய்றீங்க, என் பையன் ரப்பர் வாஷர் செய்றான். வீட்டுக்குள்ளயே சரக்கு இருக்க, வெளியில எதுக்கு வாங்கணும்?" நான் தலையாட்டினேன். அன்றைக்கு ஆடத் தொடங்கிய தலை இன்னும் நிற்கவில்லை. போதாக்குறைக்கு நீங்கள் சங்கத் தலைவரானதும் மனுமேல் மனுப் போட்டு வெளிநாட்டு வாஷருக்கு வரியை ஏற்றவைத்தீர்கள். கொடுத்த வாக்கை மீறலாம் என்று நான் நினைத்தாலும் கட்டுப்படியாகாதபடி செய்துவிட்டீர்கள். வாஷர் வட்டமாக இருக்க வேண்டும் என்பது உலக வழக்கம். உங்களுடையது முட்டையைப் பார்த்து அச்செடுத்ததுபோல் வருகிறது. தெளிப்பானை முதுகில் மாட்டிய விவசாயி ஒருத்தர் நனைந்த சட்டையோடு வந்து, "சார், மருந்து பயிருக்கா, எனக்கா?" என்று கேட்டார். நான் உங்களிடம் ஓடிவந்தேன். "ரப்பர்னா கொஞ்சம் மூச்சு விடத்தான் செய்யும் மாப்ளே" என்றீர்கள். நீங்கள் காக்கும் வாசலுக்குக் கூலி கொடுப்பவன் நான், நனைகிறவர் அவர். இதைத்தான் புத்தகத்தில் ஐம்பது பக்கத்துக்கு எழுதியிருக்கிறார்கள்.

அடுத்து, நாட்டின் பாதுகாப்பு. எல்லாவற்றையும் நாமே செய்துகொண்டால் யாரிடமும் கை நீட்ட வேண்டாம் என்பது உங்கள் மேடைப் பேச்சு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என் மகளின் நிச்சயதார்த்தப் போட்டோவில் உங்கள் தலை பாதி வெட்டுப்பட்டுப் போனதே, அது போட்டோக்காரர் செய்த தப்பு, அதற்காக நீங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாஷர் அனுப்புவதை நிறுத்தினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? விதைப்புக் காலம் முழுவதும் என் பட்டறையில் வாஷர் இல்லாமல் மூடி போட முடியாத தெளிப்பான்கள் வாயைப் பிளந்துகொண்டு வரிசையாக நின்றன, ஆட்கள் அவற்றின் நடுவே உட்கார்ந்து சீட்டாடினார்கள், உங்கள் தங்கை சமாதானம் பேச உங்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடந்து செருப்புத் தேய்ந்தாள், கடைசியில் உங்கள் முழுத் தலையும் தெரிகிற மாதிரி வேறொரு போட்டோ எடுத்து, பெரிதாக்கி, சட்டம் போட்டு, நானே ஆணியடித்து மாட்டிய பிறகுதான் வாஷர் வந்தது. இன்றைக்கும் சாப்பிடும்போது நீங்கள்தான் எதிரே இருக்கிறீர்கள். நாடுகளுக்கும் மச்சான்கள் உண்டு. ஒரே ஒரு மச்சானை நம்பிய நாடு, அவர் முகம் கோணும்போதெல்லாம் ஆணியடிக்க வேண்டும். நாலு நாட்டோடு ஒப்பந்தம் இருந்தால் ஒருத்தர் கோபித்தாலும் இன்னொருத்தர் கதவைத் தட்டலாம். இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் மறைக்கப் போவதில்லை. உங்களோடு பேச்சை அறவே முறித்துவிட வேண்டும் என்று பல முறை கிளம்பியிருக்கிறேன்; திங்கட்கிழமை சரக்கு வரவேண்டுமே, நீங்களும் திங்கட்கிழமை சரக்குப் போட வேண்டுமே என்று இருவரும் அடங்கிப் போயிருக்கிறோம். கொடுக்கல் வாங்கல் உள்ள இடத்தில் சண்டை முற்றுவதில்லை. நம் இரண்டு வீடும் இன்னும் வெட்டுக்குத்து இல்லாமல் இருப்பதற்குக் காரணம் பாசம் என்று உங்கள் தங்கை நினைக்கிறாள். நான் மறுக்கவில்லை. அவள் பக்கத்து அறையில்தான் இருக்கிறாள்.

போன வாரம் நடந்ததை நீங்கள் உங்கள் அம்மா வாயால் கேட்டிருப்பீர்கள். அவர் விட்டதை நான் சொல்கிறேன். ஒப்பந்தம் பேசும் அந்த நாட்டிலிருந்து ஒரு கொள்முதல்காரர் மொழிபெயர்ப்பாளரோடு என் பட்டறைக்கு வந்தார். வெள்ளைக் கால்சட்டை. வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் உங்கள் அம்மா, "வெளிநாட்டு ஆளை நான் பாத்ததே இல்ல, ஒரு ஓரமா நிக்கிறேன் மாப்ளே" என்று கைத்தடியோடு வந்து நட்டநடுவில் நின்றுகொண்டார். நான் தெளிப்பானில் தண்ணீர் நிரப்பி, காற்றடித்து, பெருமையாகப் பிடியை அழுத்தினேன். முன்னால் வர வேண்டிய தண்ணீர் நாலு பக்கமும் வந்தது. உங்கள் வாஷர் மூச்சு விட்டது. தரை முழுவதும் ஈரம். மொழிபெயர்ப்பாளர் முதலில் விழுந்தார், அவரைப் பிடிக்கப் போன ஃபோர்மேன் அவர்மேல் விழுந்தார், கொள்முதல்காரர் பனிக்கட்டியில் விட்டதுபோல் சறுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் உங்கள் அம்மாவின் கைத்தடியைப் பிடித்தார். அத்தை அசையவில்லை. தடியும் அசையவில்லை. அந்த ஈரத்தில், அந்த மனிதரின் முழுப் பாரத்தையும் தாங்கிக்கொண்டு, நட்ட கம்பம்போல் நின்றது. "என்னப்பா, வளந்த ஆளு, ஒழுங்கா நடக்கத் தெரியாதா உனக்கு?" என்று ஆரம்பித்து அத்தை பேசியதையெல்லாம் மொழிபெயர்ப்பாளர் எழுந்து வந்து ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிட்டார். என்ன சொன்னாரோ, அந்த மனிதர் கை கூப்பினார்.

அப்புறம் அவர் என் தெளிப்பானைப் பார்க்கவில்லை. குனிந்து தடியின் அடியில் மாட்டியிருந்த ரப்பரைத் தடவித் தடவிப் பார்த்தார். "இத யார் செஞ்சாங்கன்னு கேக்கறார்" என்றார் மொழிபெயர்ப்பாளர். "என் பையன்!" என்றார் அத்தை, நான் வாய் திறப்பதற்குள். கொள்முதல்காரர் கிளம்பும்போது மட்டும், கால்சட்டையைப் பிழிந்துகொண்டே, மொழிபெயர்ப்பாளர் வழியாக, "தெளிப்பான் நல்லாத்தான் இருக்கு, எங்க ஊர் வாஷரைப் போட்டு, ரெண்டு பக்கமும் வரி இல்லாம ஆனா, நான் எடுத்துக்கறேன்" என்று எனக்கும் ஒரு வார்த்தை சொல்லிவைத்தார்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. செய்பவர் நீங்கள் ஒருவரே, ஒரே ரப்பர், ஒரே அடுப்பு. வாஷர் ஒழுகுகிறது, தடி ரப்பர் வழுக்கவில்லை. ஏன்? வாஷரை வாங்க நான் ஒருவன் இருக்கிறேன், எனக்குப் போக்கிடம் இல்லை. தடி ரப்பரோ மருந்துக் கடையில் ஏழெட்டுப் பேருடைய சரக்கோடு ஒரே தட்டில் கிடக்கிறது. நன்றாக இல்லையென்றால் யாரும் எடுக்க மாட்டார்கள், அதோடு உங்கள் அம்மா தடியாலேயே போடுவார். போட்டி உள்ள இடத்தில் உங்கள் கை எவ்வளவு அழகாக வேலை செய்கிறது, மச்சான்! இதை எழுத எனக்கு வயிறு எரிகிறது, ஆனாலும் எழுதுகிறேன். உங்கள் கைக்கு இந்த ஊர் போதாது.

எல்லோருக்கும் நல்லதே நடக்கும் என்று சொல்ல நான் அமைச்சர் இல்லை. வாஷர் அச்சில் நிற்கும் உங்கள் ஆட்கள் முதலில் திண்டாடுவார்கள். அதனால்தான் வரியை ஒரே நாளில் எடுக்காமல் சில வருஷங்களில் படிப்படியாகக் குறைப்பதாக ஒப்பந்தத்தில் இருக்கிறது. சங்கம் சண்டை போட வேண்டியது அதற்குத்தான்: அந்த ஆட்களுக்குப் புது வேலை பழக்க அரசாங்கம் செலவு செய்யட்டும், சின்னப் பட்டறைகளுக்குக் கடன் கொடுக்கட்டும். கதவைச் சாத்தக் கேட்பதைவிட, வெளியே போகச் செருப்புக் கேட்பது மேல். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தீர்மானத்தைக் கைவிடுங்கள். உங்களைக் கெஞ்சுவது எனக்குப் பிடிக்கவில்லை, கெஞ்சுகிறேன்.

அத்தைக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி. உங்கள் தொழில் செழிக்கட்டும், உங்கள் கோபம் தணியட்டும், என் தெளிப்பான் முன்பக்கமாக மட்டும் தெளிக்கட்டும்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் தொலைபேசி வந்தது. நான் வாயெடுப்பதற்குள் நீங்களே கொட்டிவிட்டீர்கள்: "மாப்ளே, அந்த வெளிநாட்டுக்காரர் வீட்டுக்கே வந்துட்டார். தடி ரப்பர் கப்பல் கப்பலா வேணுமாம், வரி மட்டும் போகணுமாம். தீர்மானத்தத் திருப்பிப் போட்டுட்டேன், சங்கம் ஒப்பந்தத்த ஆதரிக்குதுன்னு. இன்னொண்ணு, இதுக்கே ஆள் பத்தாது, வாஷர் இனிமே நம்மால ஆகாது. நீங்க வெளியில வாங்கிக்குங்க, தப்பா நினைக்காதீங்க."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இத்தனை வருஷம் தவம் கிடந்தேன். ஆனால் என் வாயிலிருந்து வந்தது என்ன? "அதெப்படி மச்சான், திடீர்னு கைவிட்டா? உங்க வாஷருக்கு என் தெளிப்பான் பழகிடுச்சே!" நீங்கள் சிரித்தீர்கள். பக்கத்து அறையில் உங்கள் தங்கையும் சிரித்தாள். "சரி, படிப்படியா குறைச்சுக்கலாம் மாப்ளே" என்றீர்கள். தொலைபேசி என்றும் பாராமல் தலையாட்டினேன்; கோபத்தில்தான்.

கூட்டத்தில் பொருளாளர் மல்லுக்கு நிற்பார், படித்தவன் என்பதால் நான்தான் நாலு காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். மறுபடியும் எழுத எனக்குப் பொறுமை இல்லை. இதையே வாசியுங்கள், முட்டையையும் போட்டோவையும் தாண்டிப் போய்விடுங்கள். யார் எழுதியது என்று கேட்டால் ஊரில் யாரோ ஒருத்தர் என்று சொல்லுங்கள். மாப்பிள்ளை மச்சானுக்கு எழுதிக் கொடுத்தது என்று தெரிந்தால் ஒரு கைகூட உயராது. என் பெயர் வெளியே வராமல் என் கட்சி ஜெயிப்பது இதுதான் முதல் தடவை, பரவாயில்லை, ஜெயிக்கட்டும். கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.