குடலில் கிடந்த அரசுச் சரக்கு

நானூற்றுப் பன்னிரண்டு பணம் அரண்மனைக்குக் கடன்பட்டிருந்தான் கொளஞ்சி. நெடுவரப்பு நாட்டில் பருத்திக்குப் பூச்சிமருந்து அடிப்பது அவன் பிழைப்பு. அந்தக் கடனில் ஒரு காசுகூட அவன் கைக்கு வந்ததில்லை. எல்லாம் மூக்கு வழியாக உள்ளே போனது.

அது எப்படியென்றால், ஆஸ்பத்திரிக்கு விஷத்தோடு வந்து படுத்தவர்களை வைத்தியர் அபிராமவல்லி கணக்கெடுத்து ராஜாவிடம் போனார்.

"மகாராஜா, பருத்தி பூக்குற மாசத்துலதான் இவங்க நுரை தள்ளி வர்றாங்க. அத்தனை பேரும் மருந்தடிக்கிறவங்க. அரண்மனைப் பீப்பாய்ல குடுக்கிற பூச்சிமருந்துதான் உள்ள போயிருக்கு. அந்தப் பீப்பாயை மூடிடுங்க."

பண்டகசாலை மந்திரி தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். "மன்னா, பீப்பாய்ச் சரக்கு எங்கே குறைகிறதென்று நெடுநாளாகத் தேடினோம். இதோ, திருடர்கள் அகப்பட்டார்கள்."

மறுநாளே தண்டோரா போட்டார்கள். உடம்புக்குள் போன மருந்து அரசுடைமை, உறிஞ்சியவன் விலை கட்ட வேண்டும். பிறகு இன்னொரு சட்டம் வந்தது, மருந்தடிக்கும்போது மூச்சு விடக் கூடாதென்று. மூச்சுக் கண்காணிப்பாளர்கள் குடை பிடித்து, காற்று வரும் பக்கமாகப் பார்த்து வரப்பில் நின்றார்கள். அதுவும் போதாமல், பாக்கி வைத்த குடும்பத்துக்கு ஆஸ்பத்திரிக் கதவு திறக்காது என்றார்கள். ஜனங்கள் வீட்டிலேயே கிடந்து செத்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டில்கள் காலியாயின. விஷத்தை ஒழித்த மன்னர் என்று ஆஸ்பத்திரி வாசலில் வளைவு கட்டினார்கள்.

வளைவைத் திறக்க மந்திரி வந்த நாளில்தான், கொளஞ்சி தன் மனைவி செம்பாயியைத் தள்ளுவண்டியில் கிடத்திக் கொண்டுவந்தான். மருந்து கலக்கத் தண்ணீர் சுமந்தவள். எச்சில் வழிய, கண்மணி கடுகாகச் சுருங்கிக் கிடந்தாள்.

"பாக்கியைச் செலுத்திவிட்டு உள்ளே போ," என்றார் மந்திரி.

"எங்கிட்ட ஏது சாமி பணம்?"

"அப்படியானால் வண்டியைத் திருப்பு."

கொளஞ்சி திருப்பவில்லை. தலைத்துண்டை அவிழ்த்து அவள் வாயைத் துடைத்தான். "சரிங்க. இவ உசுரு போனா பொதைக்கணும். வயித்துல இருக்கிற அரசாங்கச் சரக்கையும் சேத்துத்தான் குழியில போட்டு மூடுவேன். மகாராஜா கேட்டா, மந்திரி ஐயாதான் பொதைக்கச் சொன்னாருன்னு சொல்லிடட்டுங்களா?"

மந்திரி ஓடிவந்து வண்டியைப் பிடித்தார். "அரசுடைமையைப் புதைப்பதா? தூக்குங்கள் அவளை. ஒரு சொட்டும் சிந்தக் கூடாது."

வைத்தியர் ஊசி போட்டு, குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார். மந்திரி பித்தளைக் குடத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். சாயங்காலம் செம்பாயி கண்ணைத் திறந்தாள்.

"யாருய்யா இது, வாந்தி புடிக்கிறவரு?"

"மந்திரி, புள்ள. பேசாம படு."

கழுவிய தண்ணீரும் சரக்குக் கணக்கில் ஏறி, குடம் நிரம்பியது.

அடுத்த மாதம் ராஜாவே தொடரட்டும் என்று ஜனங்கள் கைதூக்கும் தேர்தல் வந்தது. மந்திரி மேடையில் குடத்தைத் தூக்கிக் காட்டினார். "மக்களிடமிருந்து மீட்டதை மக்களுக்கே அளிக்கிறோம்," என்று முழங்கி, மேடையோரம் திறந்து வைத்திருந்த மருந்துப் பீப்பாயில் கவிழ்த்தார். பிறகு கொளஞ்சிக்கு மாலை போட்டு, அவன் கடன் நானூற்றுப் பன்னிரண்டு பணமும் தள்ளுபடி என்று அறிவித்தார். கூட்டம் கை தட்டியது. பீப்பாய் நெடி ஏறி முன்வரிசையில் இருமியவர்களிடம் அரண்மனைக் கணக்கர் குனிந்து குனிந்து பெயர் கேட்டு, கடன் ஏட்டில் எழுதிக்கொண்டு போனார்.