மூணடி எடமும் முப்பது வெள்ளிச் செடியும்

வியாழக்கிழமை வி.ஏ.ஓ வர்றாரு. அதுக்குள்ள கொல்லையில இருக்கிற மூணடி எடத்துல செடி வைக்கணும். வேலை அவ்வளவுதான்.

அந்த மூணடி எனக்கும் எங்க பெரியப்பா மகன் அந்தோணி அண்ணனுக்கும் நடுவுல கிடக்குது. என்னுதுன்னு நான், தன்னுதுன்னு அவரு. அவரு ஒரு கட்சி, நான் எதிர்க்கட்சி. ஆட்சி மாறி மாறி வருது, தகராறு மட்டும் அப்படியே இருக்கு!

வக்கீல் சொன்னாரு: "எடம் யாரு அனுபவத்துல இருக்குன்னு வி.ஏ.ஓ பாத்து எழுதுவாரு சார். வருஷம் பூரா நிக்கிற செடியா நட்டு வைங்க. நீங்கதான் பராமரிக்கிறீங்கன்னு பளிச்சுன்னு தெரியணும்."

மயிலாடுதுறை நர்சரிக்குப் போயி, பளிச்சுன்னு ஏதாவது குடுங்கன்னேன். அங்க இருந்த அம்மா ஒரு செடி காட்டுனாங்க. இலையெல்லாம் வெள்ளி கலரு. தொட்டா பூனைக்குட்டி மாதிரி மெத்துமெத்துன்னு இருக்கு. தரையோட படருமாம். பேரு இங்கிலீஷ்ல என்னமோ சொன்னாங்க, நாக்குல நிக்கல. முப்பது வாங்கிட்டேன்.

"சார், தண்ணி மட்டும் கம்மியா விடுங்க. ஈரம் ஆகாது"ன்னாங்க அந்தம்மா.

யாருகிட்ட? வலங்கைமான்காரன்கிட்ட!

நான் பள்ளிக்கூட வாத்தியாரு. வயல்ல கால் வச்சதில்ல. ஆனாலும் டெல்டா ரத்தமாச்சே! பச்சையா ஒண்ணு நட்டா, சுத்தி வரப்பு போட்டுத் தண்ணி கட்டுனாத்தான் மனசு ஆறும். மோட்டாரைப் போட்டேன். கணுக்கால் அளவுக்கு நிறுத்துனேன்.

"ஏங்க, இது என்ன நாத்தா?"ன்னு கேட்டா என் பொண்டாட்டி ஸ்டெல்லா.

"நீ சும்மா இரு. வெயில் என்னமா அடிக்குது!"

திங்கக்கிழமை நட்டது. செவ்வாய்க்கிழமை இலையெல்லாம் தொங்கிப்போச்சு. பாவம், தாகம்னு நெனச்சு இன்னும் விட்டேன். புதன்கிழமை கொழகொழன்னு ஆயிடுச்சு.

அந்தோணி அண்ணன் என்கிட்ட பேசி ஏழு வருஷமாச்சு. சொல்ல வேண்டியதை அவரு மாட்டுக்கிட்ட சொல்லுவாரு, எனக்குக் கேக்குற மாதிரி.

"ஏ செவலை, பாத்தியா? செடி பூரா வெள்ளை வெள்ளையா மாவுப்பூச்சி! வேரும் அழுகுது. மருந்தடிக்க ஒரு நாதி இல்ல!"

நான் விடுவேனா? "ஸ்டெல்லா, அந்த மாட்டுக்குச் சொல்லு, செடியோட நிறமே அதுதான்னு!"

"நான் எந்த மாட்டுக்கும் எதுவும் சொல்லல"ன்னு அவ உள்ள போயிட்டா.

வியாழக்கிழமை காலையில இஸ்திரி போட்ட சட்டையோட வி.ஏ.ஓவை வாசல்ல வரவேத்தேன். "வாங்க சார், நம்ம தோட்டத்தைப் பாருங்க"ன்னு கொல்லைக்குக் கூட்டிட்டுப் போனேன்.

நம்ம தோட்டத்துக்கு நடுவுல அந்தோணி அண்ணன்!

முதுகுல மருந்தடிக்கிற மெஷின். கையில மம்பட்டி. நான் போட்ட வரப்பை வெட்டித் தண்ணியை வடிய விட்டுக்கிட்டிருக்காரு.

"பட்டப்பகல்ல எடத்தைப் பிடிக்க வந்துட்டீங்களா!"ன்னு கத்துனேன்.

அண்ணன் நிமுந்து என்னையே நேராப் பாத்தாரு. "போடா வாத்தி! எடமாம் எடம்! மூணு நாளா பச்சப்புள்ளையைத் தண்ணியில முக்கிக் கொல்ற மாதிரி கொன்னுக்கிட்டிருக்க. கண்ணால பாத்துக்கிட்டு எப்படிடா சும்மா இருக்கிறது?"

ஏழு வருஷத்துக்கு அப்புறம் என்கிட்ட பேசுன முதல் பேச்சு! சத்தியமா எனக்குச் சந்தோஷம். கோவமும் பொத்துக்கிட்டு வந்துச்சு. எதை முதல்ல காட்டுறதுன்னு தெரியாம நின்னேன்.

வி.ஏ.ஓ பேனாவைத் திறந்தாரு. "செடி வச்சது யாரு?"

"நான்தான் சார்!"

"பராமரிக்கிறது?"

நான் வாயைத் திறக்குறதுக்குள்ள பின்னாலேர்ந்து ஸ்டெல்லா சொல்றா: "அந்தா மெஷினோட நிக்கிறாங்களே, அவங்கதான் சார். இவரு தண்ணி விட்டுக் கொல்றதோட சரி!"

எடம் ரெண்டு பேரு அனுபவத்துலயும் இருக்குன்னு எழுதிட்டு அவரு பாட்டுக்குப் போயிட்டாரு.

பதினோரு செடி பொழைச்சிருக்கு. அண்ணன் தினம் வந்து பாத்துக்கிறாரு, காபியும் இங்கதான். மோட்டார் சுவிட்ச் பக்கம் என்னை விடுறதில்ல.

எடத்தகராறு இருக்கிறவங்க தயவுசெஞ்சு முள்ளுச்செடியா நடுங்க, யாரும் பாவம் பாத்து உள்ள வரமாட்டாங்க.