பிரீத்தி விட்ட இடம்

'நீங்கள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?'

டிவி திரையில் எழுத்துகள் நின்றன. அந்த வாரத்தில் தனுஷ்கோடியிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. சாய்வு நாற்காலியில் கண் விழித்தவர் மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

பதினேழாம் பாகம்.

சாப்பிட்டுவிட்டு அவர் உட்கார்ந்தபோது ஓடியது பதினான்கு. கறிக்குழம்பு கண்ணை அசத்திவிட்டது. அவர் தூங்கிய இரண்டு மணி நேரத்தில் நாடகம் தன்பாட்டுக்கு ஓடியிருக்கிறது. பதினான்கு பாகமாக நாயகியின் கையைக்கூடத் தொடாத கொரிய நாயகன், பதினேழில் மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றான்.

"போச்சு! பிரீத்தி கண்டுபிடிச்சிருவா!"

பிரீத்தி அவருடைய ஒரே மகள். பெங்களூரில் இருக்கிறாள். மனைவி போய், விருதுநகரில் நடத்திய மிளகாய் வத்தல் மண்டியையும் மூடியபின், தனுஷ்கோடிக்கு வீட்டில் பேச்சுத்துணை என்று யாரும் கிடையாது. படம்தான். இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய டிஸ்க் வைத்திருந்தார். இரவல் வாங்க ஆள் வரும், திருப்பித் தரவும் வரும். இரண்டு தடவையும் காப்பி குடித்து, ஊர்க்கதை பேசிவிட்டுத்தான் போகும்.

தீபாவளிக்கு வந்த பிரீத்தி பெட்டிகளைப் பார்த்தாள்.

"இன்னும் எதுக்குப்பா இந்தக் குப்பை? ஒரு பட்டனை அமுக்குனா ஆயிரம் படம் வரும்."

டிஸ்க் எல்லாம் மல்லாங்கிணற்றில் இருக்கும் சித்தப்பா மகன் பெத்தணனுக்குப் போயின. அவர் அவற்றைக் கயிற்றில் கோத்து மக்காச்சோளக் காட்டில் கட்டித் தொங்கவிட்டார். காட்டுக்கு மயில் வருவது நின்றது. தனுஷ்கோடி வீட்டுக்கு ஆள் வருவதும் நின்றது.

புது டிவியில் பிரீத்தி தன் ஆன்லைன் படக் கணக்கையே போட்டுக் கொடுத்திருந்தாள். திரையில் ஆளுக்கொரு கட்டம்.

"இந்தக் கட்டம் உங்களுக்கு. என் பேர் போட்ட கட்டத்தைத் தொடாதீக. எல்லாம் குழம்பிரும்."

மூன்றாம் நாளே தொட்டார்.

உள்ளே ஒரு கொரிய நாடகம், தமிழில் பேசியது. படத்துக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு. எதுவரை பார்த்திருக்கிறாள் என்று காட்டியது. மறுநாள் பதினோரு மணிக்கு மேல் பார்த்தால் கோடு நகர்ந்திருந்தது. தனுஷ்கோடிக்குச் சிலிர்த்துவிட்டது. மகள் எழுந்திருக்கிறாள், வீட்டிலிருந்தே பார்க்கும் வேலைக்கு நடுவே கொஞ்சம் உட்கார்ந்திருக்கிறாள், சுகமாக இருக்கிறாள். வாரத்துக்கு இரண்டு நிமிடம் பேசும் பிரீத்தி, போனில் இவ்வளவு சொன்னதே இல்லை.

அன்றிலிருந்து அதுதான் அவருக்குப் பேப்பர். கோடு நிற்கும் இடத்தை நாள்காட்டித் தாளில் குறித்துக்கொள்வார். அவள் பார்த்த பகுதியைத் தானும் பார்ப்பார். முடிந்ததும் பிரீத்தி விட்ட இடத்திலேயே கோட்டைக் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். ஒரு நாடகம் முடிந்தால் அடுத்த நாடகம்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோடு நகராது. மாப்பிள்ளையோடு வெளியே போயிருப்பாள். ஊரில் பங்குனிப் பொங்கல் திருவிழா நடந்த மூன்று நாளும் அசையவே இல்லை. பதறிப்போய்ப் போன் போட்டார்.

"உடம்புக்கு என்னம்மா?"

"எனக்கென்னப்பா? நல்லாத்தானே இருக்கேன்."

மறைக்கிறாள். அவள் அம்மாவும் இப்படித்தான்.

இப்போது மூன்று பாகம் கூடுதலாக ஓடிக் கிடக்கிறது. தெரிந்தால் கட்டத்தைப் பூட்டிவிடுவாள். அப்புறம் அந்தக் கோடும் கிடையாது.

ரிமோட்டை எடுத்துப் பின்னால் தள்ளினார். பதினான்குக்கு வந்துவிட்டது. ஆனால் பதினைந்துக்கும் பதினாறுக்கும் கீழே கோடு முழுசாகச் சிவந்து, திருடன் காலடி மாதிரி நின்றது.

கேபிள்காரன் முனியராஜை வரவழைத்தார்.

"இதுக்கா அண்ணாச்சி இம்புட்டு வேர்க்குறீக? பாத்ததை அழிச்சிருவோம். தடயமே இருக்காது."

"ஏலே, அந்த மூணை மட்டும் அழிலே."

முனியராஜ் அமுக்கினான். நாடகமே காணாமல் போனது.

"எங்கலே?"

"அழிஞ்சிருச்சு அண்ணாச்சி. சுத்தமா."

"சுத்தமாவா கேட்டேன் நான்?"

"பதறாதீக. வெளிய போயிட்டு மறுபடி உள்ள வந்தா எல்லாம் வந்துரும்."

கணக்கை விட்டு வெளியே போனது. உள்ளே வரப் பாஸ்வேர்டு கேட்டது.

"சொல்லுங்க அண்ணாச்சி, அடிக்கிறேன்."

"அது தெரிஞ்சவ பெங்களூர்ல இருக்கா."

முனியராஜ் ரிமோட்டை மெதுவாக மேசையில் வைத்தான்.

"காப்பி போடுறேன். இருலே."

"இன்னொரு நாளைக்கு அண்ணாச்சி. நாலு வீட்டுல லைன் வரலைன்னு கூப்புட்டுக்கிட்டே இருக்காக."

கதவு சாத்திக்கொண்டது. திரை வெறுமையாக இருந்தது. தனுஷ்கோடி பிரீத்திக்குப் போன் போட்டார். கட் ஆனது. மறுபடியும் போட்டார். 'மீட்டிங்ல இருக்கேன்' என்று செய்தி வந்தது. மூன்றாம் முறை அதுவும் வரவில்லை.

அவள் வீட்டு நம்பருக்குப் போட்டார். முதல் மணியிலேயே எடுக்கப்பட்டது.

"ஐயா! நான் கற்பகம் பேசுறேன்."

ஊர்ப்பக்கம் விஸ்வநத்தத்திலிருந்து பிரீத்தி சமையலுக்குக் கூட்டிப்போன அம்மாள். 'அவளைக் கூப்பிடு' என்பதற்கு மேல் தனுஷ்கோடி அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"பிரீத்தி ரூம்ல இருக்காளா?"

"அக்கா ஆபீஸ்ல இருக்காக ஐயா. வீட்டுல இருந்து வேலை பாத்ததெல்லாம் போன வருசத்தோட சரி. இப்ப காலையில எட்டு மணிக்குப் போனா, வர ராத்திரியாயிரும்."

தனுஷ்கோடி அதைக் காதில் வாங்கிக்கொள்ளும் நிலையில் இல்லை.

"கற்பகம், ஒரு உதவி செய்யணும். அவகிட்ட சொல்லிராத. அவ பார்க்குற நாடகத்தை நானும் கூடவே பார்த்துக்கிட்டு வந்தேன். இன்னைக்குக் கை தவறி எல்லாத்தையும் அழிச்சுட்டேன். அந்தப் பாஸ்வேர்டு மட்டும்..."

அந்தப் பக்கம் பெரிதாக மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"அக்காவுக்கு அந்த நாடகம் என்னன்னே தெரியாது ஐயா, நான்தான் பாக்குறேன், நீங்களும் கூடவே பாக்குறது கோடு நகர்றதுலயே எனக்குத் தெரியும், இன்னைக்கு மூணு பாகம் மளமளன்னு ஓடி மொத்தமா காணாமப் போகவும், உங்களுக்குத்தான் என்னமோ ஆயிருச்சுன்னு அரை மணி நேரமா போனைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்!"